மே மாதம் வரை வீட்டுக்குள்

ஜனவரி 9

தோட்டம் செய்கிறவர்கள் குறிப்பு எழுதி வைக்க வேண்டுமாம். எந்த விதையை எப்போது போட்டோம், எது முளைத்தது, எது அழுகியது என்று எழுதி வைத்தால் அடுத்த வருடத்துக்கு உதவும் என்று வாசித்தேன். அதனால்தான் இந்தக் கொப்பி. இதில் செடிகளைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன்.

வெளியே மைனஸ் பதினெட்டு. பின்வளவில் வேலியின் பாதி உயரத்துக்குப் பனி நிற்கிறது. இந்த நேரத்தில் ரொறன்ரோவில் விதை போடுவதென்றால் வீட்டுக்குள்தான் போட வேண்டும். தோள்பட்டையில் சத்திரசிகிச்சை செய்ததால் பேக்கரி வேலைக்கு நான் ஏப்ரல் வரை போகத் தேவையில்லை. இதுவரை ஒரு செடியும் நான் வளர்த்ததில்லை. ஊரில் அப்பா தபாற்கந்தோரில் இருந்தவர். எங்கள் வளவில் நின்ற ஒரே முருங்கையும் தானாக வந்தது.

மகன் ஆரூரன் திங்கட்கிழமை வந்துவிட்டான். மூன்று மாதம் வெளியூரில் இருந்தவன். பேஸ்மென்ட் அறையில் இருக்கிறான். அவனைக் கொண்டுவந்து விட்ட பெண்மணி, காலையில் எழும்பிச் செய்வதற்கு அவனுக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது என்றார். எனக்கும் மண்மூட்டை தூக்க ஒரு ஆள் வேண்டும்.

பவளம் மொன்றியலில் மகள் நிவேதிகாவோடு இருக்கிறாள். பேரனைப் பார்க்க ஆள் தேவை. பகலில் அவன் டேகேர் போய்விடுவான். மாலையில் பார்க்க ஆள் தேவை.

ஜனவரி 11

மண் வாங்கி வந்தேன். ஆரூரன் பையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இது வெளியில போடுற மண், அப்பா. விதைக்குக் கூடாது. இறுகிப் போகும். பூஞ்சணமும் வரும். விதைக்கெண்டு லேசான கலவை விக்குது, அதை வாங்குவம்."

"இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் பையின் வாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான். நான் திரும்பிக் கேட்கவில்லை. பேஸ்மென்ட்டில் அவன் முன்பு வேறொரு செடி வளர்த்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. அந்த நேரம் அவன் வாங்கிய விளக்கை நான்தான் கழற்றி, சூடாக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போட்டேன். நல்ல விளக்கு, எறிய மனம் வரவில்லை. இன்று அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

ஜனவரி 12

விதை போட்டாயிற்று. லீக்ஸ், பச்சைமிளகாய், நீட்டுக் கத்தரி.

தெரிந்துகொண்டவை: மண் கலவையை முதலே நனைத்துப் பிசைய வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். தட்டை மூடி, சூடான இடத்தில் வைக்க வேண்டும். முளைக்கும்வரை வெளிச்சம் முக்கியமில்லை. முளைத்த நிமிடத்திலிருந்து வெளிச்சம்தான் எல்லாம்.

விதை மிகச் சின்னது. பல்லுக்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வைத்தான். இரண்டு மூன்று விதை தரையில் விழுந்துவிட்டது.

"கை நடுங்குது," என்றான்.

"குளிர்," என்றேன்.

பேஸ்மென்ட்டில் குளிர் இல்லை.

பைக்கற்றில் போட்டிருக்கும் கணக்குப்படி, மிளகாயும் கத்தரியும் கடைசி உறைபனிக்கு எட்டுப் பத்து வாரத்துக்கு முன் போட வேண்டியவை. இங்கே மே நடுப்பகுதி வரை உறைபனி இருக்கும். மார்ச்சில் போட்டாலே போதும். இப்போது லீக்ஸ் மட்டும்தான் போடலாம். ஆரூரனும் அதைத்தான் சொன்னான். மார்ச் மட்டும் காத்திருக்க என்னால் ஏலாது என்றேன். அவன் குச்சியின் நுனியைத் திரும்பவும் நனைத்தான்.

ஜனவரி 15

கடையில் விளக்கைத் தானாகப் போட்டுத் தானாக அணைக்கும் சாதனம் விற்கிறார்கள். விளக்கோடு பொருத்திவிட்டால் ஒருவரும் போய்ப் பார்க்கத் தேவையில்லை. எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன்.

காலை ஏழு மணிக்கு விளக்கைப் போடுவது ஆரூரனின் வேலை. படுக்கப் போகுமுன் அணைப்பது என்னுடையது. அணைத்துவிட்டு அவன் கதவடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். அறைக்குள் சூடு சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான். மூச்சுச் சத்தம் கேட்டதும் மேலே வந்துவிடுவேன்.

ஜனவரி 18

ஒன்றும் முளைக்கவில்லை.

ஜனவரி 19

பவளம் வீடியோவில் வந்தாள். பேரன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம். புட்டும் சம்பலும்."

"ஆர் சம்பல் இடிச்சது?"

 அவளுக்குத் தெரியும், என் தோளோடு நான் இடித்திருக்க முடியாது. திரைக்கு வெளியே எங்கேயோ பார்த்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. தங்கத் தாலிக்கொடி எங்கே போனது என்பது செடிகளைப் பற்றிய விஷயம் இல்லை.

ஜனவரி 23

லீக்ஸ் முளைத்துவிட்டது. பச்சை நூலை மடித்து மண்ணில் குத்தி வைத்தது போல இருக்கிறது.

ஜனவரி 28

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். படியில் யாரோ ஓடி வரும் சத்தம். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம்.

"அப்பா, கெதியா வந்து பாருங்கோ. மிளகாய்."

மூன்று கன்று. ஒன்றின் தலையில் விதையின் கோது இன்னும் தொப்பி போல ஒட்டியிருந்தது. நான் அதைக் கையால் எடுக்கப் போனேன்.

"தொடாதேங்கோ. அது தானாக் கழண்டிடும். நாங்கள் கழட்டினா இலை கிழிஞ்சிடும்."

இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். தேத்தண்ணி ஆறிப் போய்விட்டது.

பெப்ரவரி 4

கத்தரியும் வந்துவிட்டது. ஆனால் கன்றுகள் மெலிந்து, நீண்டு, ஒரு பக்கம் சாய்கின்றன. விளக்கு உயரத்தில் இருந்தால் வெளிச்சத்தைத் தேடி இப்படி வளருமாம். ஆரூரன் சங்கிலியைச் சுருக்கி, கன்றுகளுக்கு மேலே நாலு விரல் இடைவெளியில் விளக்கை இறக்கிவிட்டான். காலையில் விளக்கைப் போட்டதும் உள்ளங்கையால் எல்லாக் கன்றையும் ஒருமுறை மெதுவாகத் தடவுகிறான்.

"என்னடா செய்யிறாய்?"

"காத்துப் படுறமாதிரி அதுகளுக்குத் தெரியோணும். இல்லாட்டித் தண்டு பலமா வராது. வெளியில கொண்டுபோய் வைச்ச உடன முறிஞ்சிடும்."

மெலிந்திருந்தான், இப்போது முகம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது. கன்றுகளைச் சொல்லவில்லை.

பெப்ரவரி 9

கன்றுகளைப் படம் எடுத்து நிவேதிகாவுக்கு அனுப்பியிருக்கிறான். இன்று பவளம் கூப்பிட்டாள். நான் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனேன். ஆரூரன் எதையோ எடுக்க மேலே வந்தவன் திரையைக் கண்டு நின்றுவிட்டான்.

"கத்தரி என்ன நிறம்?" என்று பவளத்தின் குரல் கேட்டது.

"ஊதா. நீட்டுக்காய், அம்மா. நீங்கள் பொரிச்சுக் குழம்பு வைக்கிற சாதி."

 நான் குழாயை மூடவில்லை. மூடினால் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிடும்.

"தண்ணி கூட விடாத. அழுகிப்போம்."

"இல்லை, அம்மா. கீழ்த்தட்டிலதான் விடுறன். வேர் தானா உறிஞ்சும்."

"ம்."

ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவள் அவனோடு கதைத்தது இன்றைக்குத்தான்.

பெப்ரவரி 13

இன்று ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 15

நாலு மிளகாய்க் கன்று அடித்தண்டு கறுத்து விழுந்துவிட்டது. மண்ணில் ஈரம் கூடினாலும் காற்றோட்டம் குறைந்தாலும் இப்படி வரும். ஒன்றில் கண்டால் உடனே பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கன்றுக்கும் பரவிவிடும். இரண்டு நாளாக நான் கவனிக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு விளக்கு எரியவில்லை. படியின் மேலே நின்று பார்த்தேன், கீழே இருட்டு. நித்திரை கொள்ளட்டும் என்று நினைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். பிறகு இறங்கிப் போனேன்.

உதடு நீலம். கூப்பிட்டேன், அசையவில்லை. மருந்துக்கடையில் இந்தத் தேவைக்கென்று கொடுத்த, மூச்சு நிற்கும்போது மூக்குக்குள் அடிக்கிற மருந்து என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஜனவரியிலிருந்து சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். அடித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் போனில் சொல்லச் சொல்ல வாயில் ஊதினேன். தோள் நோகவில்லை. பிறகுதான் நொந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"விளக்குப் போட்டனீங்களோ?"

"இல்லை."

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, அப்பா."

சொல்லவில்லை.

பெப்ரவரி 21

கன்றுகளுக்கு உண்மையான இலை வந்துவிட்டது. முதலில் வரும் இரண்டு இலையும் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதற்குப் பிறகு வருவதில்தான் இது மிளகாய், இது கத்தரி என்று தெரியும். அப்போது தனித்தனிச் சாடிக்கு மாற்ற வேண்டும். இலையில் பிடித்துத் தூக்கலாம், தண்டில் பிடிக்கக் கூடாது. இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் அவ்வளவுதான்.

மேசையில் பேப்பர் விரித்து இருவரும் இருந்தோம். பாதி வேலையில் அவன் சொன்னான்:

"ஏலாதெண்டு இல்லை, அப்பா. எனக்கு ஏலும். ஒவ்வொரு நாளும் ஏலுது. ஒரு நாள் மட்டும் ஏலாமப் போகுது. அந்த ஒரு நாளுக்கு நான் என்ன செய்ய?"

அவனுக்கு இருபத்தாறு வயது. எனக்குப் பதில் தெரியும் என்பது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணை இறுக்கி அமத்தாத," என்றேன். "வேர் மூச்சு விடோணும்."

"ஓம்," என்றான்.

எழுதி வைக்கிறேன். அந்த நேரம் வேறு ஒன்றும் என் வாயில் வரவில்லை.

மார்ச் 2

பவளம் பதினான்காம் தேதி வருகிறாள். தானாகவே சொன்னாள். ரயிலில் வருகிறாளாம். "கண்டெல்லாம் எவ்வளவு வளந்திட்டுது எண்டு பாக்கோணும்," என்றாள்.

மார்ச் 5

வெயில் எறித்தது. பனி உருகவில்லை, மேலே மட்டும் இறுகிப் பளபளக்கிறது. ஆரூரன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போய், ஒரு தடியால் பனியில் கோடு கீறினான். குசினி யன்னலால் பார்த்தேன். வேலியோரம் ஒரு நீட்டுப் பெட்டி, நடுவில் இரண்டு, கதவடியில் ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் போய் நின்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

"இதுக்குள்ள மிளகாய். இதுக்குள்ள அம்மாட கத்தரி. இஞ்ச பயித்தங்காய், அது நேரா மண்ணிலதான் போடோணும், உள்ளுக்கு வேண்டாம்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் யன்னலால் எட்டிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன்.

மார்ச் 12

கத்தரிக்கு இந்தச் சின்னச் சாடி காணாது. வேர் அடியால் வெளியே வருகிறது. பெரிய சாடி வாங்கி வருகிறேன் என்று மத்தியானம் பஸ்ஸில் போனான். காரில் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டேன். "வேண்டாம், அப்பா. ஒருக்கா நான் தனியப் போய் வாறன்," என்றான். எப்போதாவது ஒருநாள் தனியாகப் போய் வரத்தானே வேண்டும். சப்பாத்து நூலைக் கட்டச் சொன்னேன்.

மார்ச் 13

விளக்கை நான் போட்டேன்.

மார்ச் 30

பெயர் தெரியாத ஒரு கோப்பிக் கடையின் கழிப்பறையில். கதவை உடைத்துத்தான் அவனை எடுத்திருக்கிறார்கள். பொலிஸ்காரப் பெண் தந்த பையில் அவனுடைய போன், பஸ் அட்டை, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய கறுத்தச் சாடிகள். சாடியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். கடைக்குப் போகும்போது இல்லை, வரும்போது.

பவளத்துக்குப் போனில் சொல்ல வேண்டாம் என்று நிவேதிகாவிடம் நான்தான் சொன்னேன். ரயிலில் தனியாக அந்தச் செய்தியோடு இருக்கக் கூடாது. வேலை விஷயமாகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நிவேதிகா முதலே புறப்பட்டு வந்துவிட்டாள். ரயில் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். பவளம் இறங்கி, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவன் வரேல்லையோ?"

"காருக்குப் போவம்."

"ஏன், கண்டுகளுக்குத் தண்ணி விட நிண்டிட்டானோ? அவனுக்கெண்டு மாசிச் சம்பல் இடிச்சுக் கொண்டந்தனான். போத்தில் ஊத்துதோ தெரியாது, ஒருக்காப் பிடியுங்கோ."

பிடித்தேன். கார் நிறுத்துமிடம் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கார்க் கதவைத் திறக்காமல் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.   அப்படியே நிலத்தில், உருகின பனித் தண்ணிக்குள் இருந்துவிட்டாள்.

கேட்டவர்களுக்கு மாரடைப்பு என்று சொன்னோம். மருமகன்தான் அப்படிச் சொல்லலாம் என்றார். மரண அறிவித்தலில் 'திடீரென' என்று போட்டோம். செத்த வீட்டுக்கு வந்த ஆட்கள் இந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றியும் பெடியன்களுக்கு வேலையில் இருக்கும் அழுத்தத்தைப் பற்றியும் கதைத்தார்கள். நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 14

அந்தியேட்டிச் சடங்கு நேற்று முடிந்தது. நிவேதிகா இன்று மொன்றியலுக்குப் போய்விட்டாள். அம்மாவையும் வரச் சொல்லிக் கேட்டாள். பவளம் மாட்டேன் என்றாள்.

ஏப்ரல் 16

மார்ச் பதின்மூன்றுக்குப் பிறகு கீழே நான் போகவில்லை. எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தேன். இன்று காலை விழித்தபோது பவளம் பக்கத்தில் இல்லை. பேஸ்மென்ட்டில் வெளிச்சம் தெரிந்தது.

அவள் விளக்குக்கு முன்னால் நின்றாள். லீக்ஸ் பாதி பட்டுவிட்டது. மிளகாயும் கத்தரியும் நிற்கின்றன. செத்த வீட்டு ஆரவாரத்துக்குள்ளும் யாரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை. அவளுடைய சீலைத் தலைப்பில் மண் இருந்தது.

"இதைப் பாருங்கோ. பூத்திருக்கு."

மிளகாயில் சின்ன வெள்ளைப் பூ. இவ்வளவு முந்தி விதைத்தால் வீட்டுக்குள்ளேயே பூத்துவிடும். அது நல்லதல்ல, வேர் பிடிக்க விடாது, கிள்ளிவிட வேண்டும் என்று வாசித்திருக்கிறேன். சொன்னேன்.

"கையை வைச்சுப் பாருங்கோ," என்றாள்.

நான் கிள்ளவில்லை.

மே 3

கன்றுகளை வெளியே பழக்குகிறோம். வீட்டுக்குள் வளர்ந்ததை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட. மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். பவளம் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள், தூக்கிக்கொண்டு வருகிறாள். 

மே 19

இரண்டு பேருக்கு இவ்வளவு கன்று தேவையில்லை. நட்டது போக ஒரு மேசை நிறைய மீதி. பவளம் தமிழ்க்கடையின் அறிவித்தல் பலகையில் மிளகாய், கத்தரிக் கன்று இலவசம் என்று எழுதி ஒட்டினாள். நேற்றும் இன்றும் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் ஒருவர் வந்தார். கருணைநாதன் என்று பெயர் சொன்னார். என் வயது இருக்கும். முன்பின் கண்டதில்லை. இரண்டு மிளகாய்க் கன்று எடுத்தார். நல்ல கன்று, எப்போது போட்டது என்று கேட்டார். ஜனவரியில் மகன் போட்டது என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"மகன் வீட்டில இல்லையோ?"

"மார்ச்சில மோசம் போயிட்டார்."

"ஐயோ. என்ன வயசு?"

"இருபத்தாறு. மாரடைப்பு."

பழகிப்போன சொல், தடக்காமல் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். போகவில்லை. சாடியின் விளிம்பைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பவளம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்தாள்.

"மாரடைப்பு இல்லை," என்றாள். "எங்கட மகன் போதை மருந்தில செத்தவன். விடுறதுக்கு எவ்வளவோ பாடுபட்டவன். இஞ்ச கீழ் அறையில இருந்து, அப்பாவோட சேந்து இந்தக் கண்டெல்லாம் வளத்தவன். பேர் ஆரூரன்."

 தெருவில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தேன். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கருணைநாதன் சாடிகளை மேசையில் வைத்தார். கைலேஞ்சியை எடுத்தார், முகத்தைத் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அக்கா," என்றார். அவள் அவரை விட இளையவளாக இருக்கக்கூடும். "நான் கண்டுக்கு வரேல்லை. கடையில உங்கட விலாசத்தைப் பாத்தனான். பெடியன் என்னத்தால போனவன் எண்டு ஆக்கள் ரெண்டு விதமாக் கதைச்சவை. ஆரிட்டப் போய்க் கேக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ஒருத்தன்தான்."

"எங்க இருக்கிறான்?"

அவர் தெருவைக் காட்டினார். மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீற்றில் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெடியன் இருந்தான்.

"தனிய விட்டுட்டு வரப் பயம். கூட்டிக்கொண்டுதான் எல்லா இடமும் திரியிறன். கடைக்கும் கோயிலுக்கும். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, அக்கா. மனிசிக்கும் எனக்கும் நித்திரை இல்லை."

பவளம் ஈரக்கையைச் சீலையில் துடைத்தாள்.

"சாப்பிட்டவனோ?"

"காலமை ஏதோ கொறிச்சவன்."

அவள் வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிசு. இழுத்து இழுத்துப் புல்லுக்கு மேலால் நடந்து போனாள். காரின் பக்கத்தில் நின்று, குனிந்து, மடித்த விரலால் கண்ணாடியில் தட்டினாள். உள்ளே இருந்தவன் திரும்பவில்லை. திரும்பவும் தட்டினாள். கருணைநாதன் ஒரு அடி எடுத்து வைத்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

கண்ணாடி மெதுவாக இறங்கியது. பவளம் ஏதோ கேட்டாள், எங்களுக்குக் கேட்கவில்லை. நீண்ட நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு அந்தப் பிள்ளை எஞ்சினை நிறுத்தினான்.